காமியாமாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டுக் கிராமங்களில் நடக்கும் கலைஞர் ரெசிடென்சிகளைப் பற்றி, அதாவது கலைஞர்களைக் கொஞ்ச காலம் ஊரில் தங்கவைத்து வேலை செய்ய விடும் ஏற்பாடுகளைப் பற்றி, போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜப்பானின் காமியாமா என்ற மலைக்கிராமத்தைப் பற்றித்தான் கேட்கின்றன. அதனால் இந்த முறை அந்த ஒரு ஊர் மட்டும்.

கேள்வி: வணக்கம் அக்கா. காமியாமாவில் வரும் இலையுதிர் காலத்துக்கு நான் தேர்வாகியிருக்கிறேன். வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. கையில் இருப்பது ரெண்டு மாசம் சொச்சம், கடைசியில் கண்காட்சி வேறு. ஒரு நாளும் வீணாகக் கூடாது என்று இங்கேயே எல்லா ஸ்கெட்சும் போட்டு வைத்துவிட்டேன். போய் இறங்கியதும் முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்? (ஓவியர், கும்பகோணம்)

பதில்: முதலில் மனசார வாழ்த்துகள். ஸ்கெட்சுகளைக் கட்டாயம் கொண்டுபோங்கள், ஆனால் முதல் வாரம் அவற்றைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். நாள் வீணாகிறதே என்று நீங்கள் பதறுவது புரிகிறது, இருந்தாலும் இதை அழுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. காமியாமா நகரத்து ஸ்டூடியோ மாதிரி சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும் இடம் கிடையாது. 1999இல் அந்த ரெசிடென்சியைத் தொடங்கியவர்கள் ஊர்க்காரர்கள், இன்றைக்கும் அவர்கள் கைதான் அதில் பெரிது. மரம் அறுத்துக் கொடுப்பவர், வண்டி ஓட்டுபவர், சாப்பிட்டாயா என்று கேட்பவர் எல்லாரும் அக்கம்பக்கத்து மனிதர்கள்தான். வருகிற கலைஞருக்கு அப்பா, அம்மா ஸ்தானத்தில் இருந்து பார்த்துக்கொள்வதை அங்கே வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் முடிவான திட்டத்தோடு போய் இறங்கினால் இத்தனை பேருக்கும் சுமை தூக்குவதைத் தவிர வேறு வேலை இருக்காது, அது அவர்களுக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம்.

காமியாமா இருக்கும் மாவட்டத்தின் தலைநகர் டோக்குஷிமா. அதன் ரயில் நிலையத்து வாசலிலிருந்து பஸ், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பின் கதவில் ஏறி, அங்கே இருக்கும் பெட்டியிலிருந்து எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், முன்னால் இருக்கும் பலகையில் உங்கள் எண்ணுக்கு நேராகக் கட்டணம் ஏறிக்கொண்டே வரும், இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் சீட்டையும் சில்லறையையும் போட்டுவிட்டு இறங்குவார்கள். அதனால் ஸ்டேஷனிலேயே சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நகரம் தாண்டியதும் அகூயி ஆறு கூடவே வரத் தொடங்கும், இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, மலை முழுக்க ஒரே உயரத்தில் சுகி என்ற ஊசியிலை மரங்கள். பார்க்கிறவருக்கு இயற்கைக் காடு போலத் தோன்றும், ஆனால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரத் தொழிலுக்காக வரிசையாக நட்ட காடு. வெளிநாட்டு மரம் மலிவாக வந்து அந்தத் தொழில் படுத்ததும் வெட்ட ஆளில்லாமல் அப்படியே நெருங்கி வளர்ந்துவிட்டது, வெளிச்சம் உள்ளே விழுவதில்லை. ஊரின் கதை பாதி அந்தக் காட்டிலேயே இருக்கிறது. இதை முதல் நாளே ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு காட்டியதும் முதல் வேலை, இருபக்கத்து வீடுகளுக்கும் எதிர்வீட்டுக்கும் போய்த் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, சின்னதாக ஏதாவது கொடுத்துவிட்டு வருவது. புதிதாகக் குடி வருகிறவர்கள் அங்கே அப்படித்தான் செய்வார்கள். விலை முக்கியமில்லை. கும்பகோணத்திலிருந்து போகிற நீங்கள் ஒரு கைத்தறித் துண்டோ, கல்யாணப் பத்திரிகை அளவில் நீங்களே வரைந்த ஒரு சின்னப் படமோ கொண்டுபோகலாம். அப்புறம் குப்பை. எந்தக் கிழமை எந்தக் குப்பை, எது எரிவது, எது எரியாதது, பாட்டிலைக் கழுவி மூடியைத் தனியாகக் கழற்றி வைப்பது என்று எல்லாவற்றையும் கேட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். குப்பையில் தவறினால் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள், நம்மூர் போலச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ள வழியில்லை.

மற்ற நேரமெல்லாம் நடங்கள். காலையில் வாசலில் நாலு கத்தரிக்காயும் ஒரு பை சுதாச்சியும் இருக்கும், யார் வைத்தது என்று ஒரு சீட்டுகூட இருக்காது. சுதாச்சி என்பது எலுமிச்சையைவிடச் சின்னதாக, பச்சையாக, வாசனை தூக்கலாக இருக்கும் ஒரு பழம், டோக்குஷிமாவுக்கே உரியது, காமியாமாவில் ஆகஸ்டு முடிவிலிருந்து பறிப்பு மும்முரமாக நடக்கும். யார் கொடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனீர்கள் என்றால் அவர் தோட்டத்தில் ஒரு நாள் பறிக்கக் கூப்பிடுவார், போங்கள். முட்கள் உண்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் உங்களுக்குக் கிடைக்கும் மனிதர்கள் ஸ்டூடியோவில் ஒரு மாசம் உட்கார்ந்தாலும் கிடைக்க மாட்டார்கள். இரண்டாவது வாரம் ஸ்கெட்சைப் பிரித்துப் பாருங்கள், அதில் எது நிற்கிறது எது விழுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: ஜனத்தொகை குறைந்து போன ஒரு மலைக்கிராமம் வெளிநாட்டுக் கலைஞர்களை ஏன் கூப்பிட்டுச் செலவு செய்ய வேண்டும்? அவர்களுக்கு இதில் என்ன லாபம்? (வாசகர், நாமக்கல்)

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்காமல் அங்கே போகவே கூடாது, கேட்டதற்கு நன்றி. 1955இல் ஐந்து கிராமங்களைச் சேர்த்து காமியாமா உருவானபோது இருபதாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள், இன்றைக்கு ஐயாயிரத்துக்கும் குறைவு, அதில் ஏறக்குறைய பாதிப் பேர் 65 வயதைத் தொட்டவர்கள். ஆனால் கலைஞர்களைக் கூப்பிடத் தொடங்கிய கதை ஒரு பொம்மையிலிருந்து வருகிறது.

1924இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் ஜப்பானியர்களுக்குக் கதவை மூடியது. இரு நாட்டுக்கும் நடுவே கசப்பு வளர்ந்த நேரத்தில் 1927இல் சிட்னி குலிக் என்ற பாதிரியாரின் முயற்சியால் அமெரிக்கக் குழந்தைகள் ஜப்பானியப் பள்ளிகளுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளை நட்புப் பரிசாக அனுப்பினார்கள். அதில் ஒன்று காமியாமாவின் ஜின்ரியோ தொடக்கப் பள்ளிக்கு வந்தது. போர் வந்ததும் எதிரி நாட்டுப் பொம்மை என்று சொல்லி எரிக்கவும் உடைக்கவும் செய்தார்கள், பெரும்பாலானவை அப்படியே அழிந்தன. ஜின்ரியோ பள்ளியில் ஒரு ஆசிரியை அந்தப் பொம்மையை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பொம்மையோடு வந்த பாஸ்போர்ட்டில் பெயர் ஆலிஸ் ஜான்ஸ்டன் என்றும் ஊர் பென்சில்வேனியாவின் வில்கின்ஸ்பர்க் என்றும் இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து ஓமினாமி ஷின்யா என்ற ஊர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு வில்கின்ஸ்பர்க்குக்குக் கடிதம் எழுதி அனுப்பியவர்களைத் தேடிப்பிடித்தார், 1991இல் ஊர்க்காரர்கள் ஒரு குழுவாகப் பொம்மையை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கே போய் வந்தார்கள்.

அந்தப் பயணம் போய் வந்தவர்கள்தான் எட்டு வருஷம் கழித்து ரெசிடென்சியைத் தொடங்கினார்கள். பெரிய மியூசியமோ சேகரிப்போ அவர்களிடம் கிடையாது, வெளியாள் வந்து தங்கினால் ஊருக்குள் என்னென்னவோ அசையும் என்ற அனுபவம்தான் இருந்தது. அசையவும் செய்தது. கலைஞர்கள் வந்துபோன பாதையிலேயே பின்னால் கணினி நிறுவனங்கள் பழைய வீடுகளில் கிளை அலுவலகம் போட்டன, 2011இல் ஊரை விட்டுப் போனவர்களைவிட ஊருக்குக் குடிவந்தவர்கள் அதிகமானார்கள். லாபம் என்று கேட்டால் இதைச் சொல்லலாம். நான் அங்கே பெரிதாக மதிப்பது வேறொன்று. அவர்கள் கலைஞர்களுக்கு விருந்தாளி உபசாரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை, வேலையிலும் பங்கு கேட்கிறார்கள்.

கேள்வி: அங்கே போன கலைஞர்கள் செய்ததில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லுங்களேன். (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: தயங்காமல் சொல்வேன், நெதர்லாந்துக் கலைஞர் எகீத் சிமோன்ஸ் 2012இல் காட்டுக்குள் கட்டிய மறைவு நூலகம். மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன மரக் கட்டடம். அதற்குள் ஊர்க்காரர்கள் வாழ்க்கையில் மூன்று முறை மட்டும் புத்தகம் வைக்கலாம், பள்ளி முடிக்கும்போது ஒன்று, கல்யாணத்தின்போது ஒன்று, ஓய்வு பெறும்போது ஒன்று. சாவி ஊர்க்காரர்களிடம் மட்டும். நீங்களும் நானும் போனால் வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து கட்டிய இடத்தில் வெளியாட்களுக்கே அனுமதி இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். கண்காட்சி முடிந்து அவர் விமானம் ஏறின பிறகும் வேலை முடியவில்லை, இன்னும் ஐம்பது வருஷம் கழித்துத்தான் அலமாரி நிறையும், நிறைக்கப்போவது ஊர்தான். பதினெட்டு வயதுப் பையன் எந்தப் புத்தகத்தை வைப்பான், அதே ஆள் அறுபது வயதில் எதை வைப்பான் என்று நினைக்கும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

கேள்வி: நான் இயற்கைச் சாயத்தில் வேலை செய்கிறவன். திண்டிவனம் பக்கத்து அவுரி நீலத்தைக் கொண்டுபோகலாமா, அல்லது அங்கேயே கிடைக்குமா? பிளக், மின்சாரம் எல்லாம் எப்படி? (துணிக் கலைஞர், விழுப்புரம்)

பதில்: கொஞ்சமாகக் கொண்டுபோங்கள், காட்டுவதற்கு. டோக்குஷிமாவே ஜப்பானின் நீலச் சாய நாடு. ஆனால் செடியும் வேறு, முறையும் வேறு. நாம் அவுரித் தழையைத் தொட்டியில் ஊறப்போட்டு, அடித்துக் கலக்கி, அடியில் தங்கும் நீலத்தைக் கட்டியாக எடுக்கிறோம். அவர்கள் வேறொரு செடியின் இலையை உலர்த்திக் குவித்து, தண்ணீர் தெளித்துக் கிளறிக் கிளறி ஏறக்குறைய நூறு நாள் மக்க வைக்கிறார்கள், குவியல் உள்ளே கை வைக்க முடியாத சூடாகிவிடும். அப்படிக் கிடைக்கும் சுகுமோவைச் சாம்பல் தெளிநீரில் போட்டு, கோதுமைத் தவிடும் சுண்ணாம்பும் சேர்த்துப் பொங்க விட வேண்டும், ராத்திரி அரைத்து வைத்த மாவு மாதிரி அதுவும் குளிர் தெரிந்தால் அடங்கிவிடும். தொட்டி தயாராவதற்கே நாளாகும் என்பதால் நீலத்தில் வேலை செய்யப் போவதாக இருந்தால் போவதற்கு முன்பே ஏற்பாட்டாளர்களிடம் சொல்லி, ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் யாரையாவது பிடித்து வைக்கச் சொல்லுங்கள். அதே மாவட்டத்தில் அவாகாமி என்ற கைக்காகித ஆலை இருக்கிறது, காகிதத்தில் நீலம் ஏற்றுவதும் அங்கே பழக்கம், கட்டாயம் போய்ப் பாருங்கள்.

மின்சாரம் 100 வோல்ட், பிளக் தட்டையான இரண்டு கம்பி. லேப்டாப், ஃபோன் சார்ஜர்களில் 100–240 என்று போட்டிருக்கும், பிரச்சினை இல்லை. இங்கிருந்து கொண்டுபோகும் ஹாட் கிளூ கன், சால்டரிங் அயர்ன், மிக்ஸி எதுவும் அங்கே சரியாகச் சூடாகாது, சரியாகச் சுற்றாது. அவற்றை விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கட்டிக்கொண்டு போய்விடலாமா? (சிற்பி, கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். விதை, தானியம், பச்சை இலை, பழம் எதற்கும் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். சாம்பார் பொடி, ரசப் பொடி, மிளகாய்த் தூள் போதும். அரிசி அங்கே அருமையாக இருக்கும், கொஞ்சம் ஒட்டும், தயிர் சாதத்துக்கு அதைவிட நல்லது இல்லை.

கவனிக்க வேண்டியது குழம்பு நீர். சூப், நூடுல்ஸ், வேகவைத்த காய், டோஃபு எல்லாவற்றிலும் உலர்த்திய கட்சுவோ மீனின் சாறுதான் அடிப்படை, மீன் துண்டு கண்ணில் படாததால் சமைப்பவருக்கே அது அசைவம் என்று தோன்றாது. "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாறும் வேண்டாம், கடல்பாசியோ காளானோ போட்ட சாறு சரி என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் சாப்பாட்டுப் பிரச்சினையைச் சொல்லிப் போகாமல் இருந்துவிடாதீர்கள். முன்னாலேயே சொன்னால் செய்து வைப்பார்கள். நீங்கள் ஒரு நாள் எலுமிச்சைக்குப் பதிலாகச் சுதாச்சி பிழிந்து சாதம் கிளறி எல்லாருக்கும் போடுங்கள், ஊர் முழுக்கப் பேசுவார்கள்.

கேள்வி: எனக்கு ஜப்பானிய மொழி ஒரு வார்த்தையும் தெரியாது. (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: ஏற்பாட்டாளர்களில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். மற்றவர்களிடம் ஃபோன் மொழிபெயர்ப்பு உதவும். வணக்கம், நன்றி, மன்னிக்கவும் மூன்றையும் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள், தெருவில் எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் நீங்களே முந்திக்கொண்டு வணக்கம் சொல்லுங்கள்.

கேள்வி: விசா, மருந்து, பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள். என் பெண் போகிறாள், ரத்த அழுத்த மாத்திரை தினமும் எடுப்பவள். (ஒரு தாயார், திருச்சி)

பதில்: விசாவை எந்த வகையில் கேட்க வேண்டும் என்பதை அழைக்கும் அமைப்புதான் எழுத்தில் சொல்ல வேண்டும், அவர்கள் அனுப்பும் அழைப்புக் கடிதத்தோடுதான் விண்ணப்பம் போக வேண்டும். சுற்றுலா என்று போட்டுவிட்டுப் போய் உதவித்தொகை வாங்கினால் சிக்கல். மருந்து விஷயம் முக்கியம் அம்மா. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒரு மாதத்துக்குத் தேவையான அளவு வரை மட்டும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் ஜப்பான் சுகாதாரத் துறையிடம் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும், ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கிளம்பும் தேதிக்கு நன்றாக முன்னாலேயே செய்துவிடுங்கள். சூடோஎஃபெட்ரின் அதிகம் உள்ள சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை, நம்மூர் மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில் அது இருக்கும், அட்டையைப் படித்துப் பார்த்து எடுத்து வையுங்கள்.

இலையுதிர் காலத்தில் பயப்பட வேண்டியது திருடனுக்கு இல்லை, பெரிய குளவிக்கு. அந்த மாதங்களில்தான் அது மூர்க்கமாக இருக்கும், காட்டுப் பக்கம் போகும்போது கறுப்பு உடையும் வாசனைத் தைலமும் வேண்டாம். செப்டம்பரில் புயல் வரும், பஸ் நின்றுவிடும், ரெண்டு நாளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் வீட்டில் இருக்கட்டும். ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110. பணம் எடுக்க அஞ்சலகத்து ஏடிஎம்மில் நம்மூர் கார்டு வேலை செய்யும். போய்ச் சேர்ந்ததும் உங்களுக்கு ஃபோன் செய்யச் சொல்லுங்கள், அங்கே மணி மூன்றரை மணி நேரம் முன்னால், அவள் மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் திருச்சியில் உங்களுக்கு மூன்றரை மணி.