ஒரே பேரு, வேற வேற கிருமி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க அம்மைக்கு யூரின் போவும்போ எரிச்சல், கூடவே குளிரு காய்ச்சல். யூரின்ல உள்ள கிருமிய வளத்துப் பாக்க கல்ச்சர் டெஸ்ட் எடுத்ததுல ஈ.கோலின்னு ஒரு கிருமி வந்திருக்கு சார். நர்சிங் படிக்க என் மக சொல்லுதா, அது எல்லார் குடல்லயும் உள்ளதுதானாம். வயித்துல சும்மா கிடக்கது இங்க வந்து ஏன் இந்தப் பாடு படுத்துது? (வாசகி, தக்கலை)

பதில்: உங்க மக சொன்னது சரிதான், ஆனா பாதிதான் சொல்லியிருக்கா. நம்ம ஊரு கடையில போய் மொட்டையா வாழைப்பழம்னு கேட்டா மட்டியா, ஏத்தனா, ரசகதலியான்னு திருப்பிக் கேப்பாங்க இல்லியா, ஈ.கோலியும் அப்படித்தான், அந்த ஒத்தப் பேருக்குள்ள ஏகப்பட்ட ரகம் கிடக்கு, ஸ்ட்ரெயின்னு சொல்லுவாங்க. 2002-ல மூணு ஸ்ட்ரெயினோட ஜீன மொத்தமா ஒப்பிட்டுப் பாத்தாங்க, ஒண்ணு லேப்ல வளக்குற சாது, ஒண்ணு ரத்தபேதி கொண்டு வர்றது, இன்னொண்ணு யூரின் இன்ஃபெக்‌ஷன் ரகம். மூணுலயும் உள்ள புரோட்டீன எல்லாம் சேத்துப் போட்டா, மூணுக்கும் பொதுவானது 40 சதவீதம் கூட வரல. பேரு மட்டும் மூணுக்கும் ஒண்ணு!

அம்மைய பிடிச்சிருக்கது அந்த மூணாவது ரகமாத்தான் இருக்கும். அதுக்கு உடம்பெல்லாம் நுண்ணிய முடி மாதிரி இருக்கும், அதோட நுனி மூத்திரப்பை சுவர்ல உள்ள ஒருவித சர்க்கரைய கவ்விப் பிடிச்சுக்கும். சாதா ஈ.கோலி வழிதவறி அங்க போனாலும் பெரும்பாலும் யூரினோட அடிச்சுட்டுப் போயிரும், இது போவாது. இந்த ரகமும் நம்ம குடல்லதான் இருக்கு, அங்க இருக்க வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. பொம்பளையாளுக்கு மூத்திரக்குழாய் நாலு சென்டிமீட்டர் அளவுதான், அதனால ஏறிப் போறது சுலபம். குளிரு காய்ச்சல் வேற இருக்குன்னா கிட்னி வரைக்கும் போயிருக்கலாம், லேட் பண்ணாம டாக்டர்ட்ட காட்டுங்க.

ரத்தபேதி ரகம் வேற கதை. ஓ157-னு பேரு, 1982-ல அமெரிக்காவுல சரியா வேகாத ஹாம்பர்கர் தின்னவங்ககிட்ட முதல்ல பிடிபட்டுது. அது விடுற விஷத்தோட ஜீன் அதோட சொந்த ஜீனே கிடையாது, ஒரு வைரஸ் கொண்டு வந்து சொருகிட்டுப் போனது. சின்னப் பிள்ளைங்களுக்கு வந்தா கிட்னியே அடிவாங்கும். 2011-ல ஜெர்மனியில இன்னொரு ரகம் கிளம்பி அம்பது பேருக்கு மேல செத்தாங்க, தேடிப் போனா காரணம் முளைகட்டின வெந்தயம்! நாமளும் முளைகட்டுறோம், ஒரு கொதி விட்டுத் தின்னுங்க.

எல்லாமே வில்லன்னு நினைச்சிராதீங்க. 1917-ல கூட இருந்த பட்டாளக்காரங்களுக்கெல்லாம் வயித்தால போயும் தனக்கு ஒண்ணும் ஆவாத ஒருத்தர்கிட்ட இருந்து நிஸ்லேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் ஒரு ஈ.கோலிய எடுத்தாரு, அது இன்னைக்கும் அங்க மருந்தா விக்குது.

கேள்வி: எனக்கும் ஈ.கோலி, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஈ.கோலி. அவங்களுக்கு செஃபிக்சிம் போட்டு சரியாச்சு, நாலு மாத்திரை மிச்சம் இருக்காம். அதையே நானும் போடலாமா? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: வேண்டவே வேண்டாம். ரிப்போர்ட்ல கிருமி பேருக்குக் கீழ மருந்து லிஸ்ட் போட்டு பக்கத்துல எஸ், ஆர்னு இருக்கும் பாருங்க, டாக்டர் முதல்ல பாக்குறது அதைத்தான். எஸ்னா மருந்து கேக்கும், ஆர்னா கேக்காது. அந்த அக்காவுக்கு எஸ்ஸா இருந்தது உங்களுக்கு ஆரா இருக்கலாம். சில ரகம் இஎஸ்பிஎல்னு ஒரு என்சைம் வச்சிருக்கும், செஃபிக்சிம் மாதிரி மருந்த அது துண்டாக்கிப் போட்டுரும். இந்த வித்தைய ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாத்தியும் விடும்.

அதென்ன நாலு மாத்திரை மிச்சம்? டாக்டர் சொன்ன கணக்க முடிச்சிருந்தா மிச்சமே வராதே, அதையும் அவங்ககிட்ட கேளுங்க.

கல்ச்சர் குடுக்கதுன்னா முதல் மாத்திரை போடுறதுக்கு முன்னாலயே குடுக்கணும், முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத பிடிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்ல சேக்கணும். பையில போட்டு வெயில்ல மார்க்கெட்டெல்லாம் சுத்திட்டுப் போய்க் குடுத்தா வழியிலயே கிருமி பெருகிரும், ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்ல.

கேள்வி: கடல் தண்ணியிலயே காலரா கிருமி உண்டுன்னு சொல்லுதாங்களே, உண்மையா? நாங்க தினமும் இறங்குதோம். (வாசகர், குளச்சல்)

பதில்: உண்மைதான், ஆறு கடல்ல சேருற பொழிமுகத்துல, கடலோரத் தண்ணியில எல்லாம் உண்டு, ஆனா பயப்படாதீங்க. 200 வகைக்கு மேல இருக்கு, ஊரையே வாரிட்டுப் போற காலரா கொண்டு வர்றது ஓ1, ஓ139-னு ரெண்டே வகைதான். ரெண்டாவது 1992-ல நம்ம சென்னையிலதான் முதல்ல தலைகாட்டுனது. பழைய காலராவுக்கு உடம்புல எதிர்ப்பு உள்ள பெரியவங்களையும் அது விட்டுவைக்கல, வேஷம் மாறி வந்தவனை உடம்புக்கு அடையாளம் தெரியல.

அதே குடும்பத்துல விப்ரியோ வல்னிஃபிகஸ்னு ஒண்ணு உண்டு, அது புண்ணு வழியா நுழையும். லிவர் கோளாறு உள்ளவங்க, சர்க்கரை உள்ளவங்க கால்ல புண்ணோட இறங்காதீங்க. மீன்முள்ளு குத்தி அன்னைக்கே மளமளன்னு வீங்கி நிறம் மாறுச்சுன்னா மஞ்சப் பத்து போட்டுட்டு உக்காந்திராம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, கடல்ல வச்சுக் குத்துச்சுன்னு மறக்காம சொல்லுங்க, மருந்து அதுக்குத் தக்கனதான் குடுப்பாங்க.