யாரும் கவனிக்காத தவறைச் சொல்லத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: நான் தயாரித்த அறிக்கையில் ஒரு தொகை தவறாகப் போய்விட்டது. மேலதிகாரி கையெழுத்தும் போட்டுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. நானே போய்ச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டுமா?

சொல்லுங்கள், இன்றே சொல்லுங்கள். தவறு செய்ததற்காக வேலை போனவர்களை என் அனுபவத்தில் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். மறைத்ததற்காக வேலை போனவர்கள் அதிகம்.

கையால் கணக்கு எழுதிய காலத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. தவறான எண்ணைச் சுரண்டக் கூடாது, அதன் மேலேயே திருத்தவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பழைய எண் கண்ணுக்குத் தெரியும்படி விட்டுவிட்டு, மேலே சரியான எண்ணை எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்தல் இருக்கும் பேரேட்டைப் பார்த்து நான் ஒருநாளும் கலங்கியதில்லை. எல்லாம் துப்புரவாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் தாள் மெலிந்திருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். சுரண்டியது உறுதியானால், அந்த ஒரு பக்கத்துக்காக முழுப் பேரேட்டையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியதுதான். அதே கை எழுதிய மற்ற எண்களை எதை வைத்து நம்புவது?

மேலதிகாரியிடம் காரணங்களை அடுக்காதீர்கள். எந்தத் தொகை தவறு, சரியான தொகை எது, அதனால் வேறு எங்கெல்லாம் மாறுகிறது என்று சொல்லி, திருத்திய தாளையும் கையோடு கொடுங்கள். திட்டுவார், திட்டட்டும். நாளை வேறொரு கணக்கில் "இது சரி" என்று நீங்கள் சொன்னால் அவர் மறுபடி கூட்டிப் பார்க்க மாட்டார்.

கேள்வி: பொய் சொல்பவர்கள்தான் முன்னேறுகிறார்கள். உலகத்தில் நேர்மை செத்துவிட்டது என்கிறேன். மறுப்பீர்களா?

முதல் வாக்கியத்தை முழுதாக மறுக்க மாட்டேன். நேர்மையாளருக்கு இழப்பே வராது என்று எழுதினால் அதுவே பொய். பதவி உயர்வை இழந்தவர்களை எனக்குத் தெரியும், அந்த வலி சாதாரணமானதல்ல.

இரண்டாவதை மறுக்கிறேன். 2019-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 40 நாடுகளில் 17,000-க்கும் அதிகமான பணப்பைகளை, கீழே கிடந்ததாகச் சொல்லி, வங்கி, விடுதி, அஞ்சலகம் போன்ற இடங்களில் மேசையில் இருந்தவர்களிடம் கொடுத்தார்கள். உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரி உள்ளே இருந்தது. பணமில்லாத பைகளில் நூற்றுக்கு 40-க்குத் தகவல் வந்தது. பணம் இருந்தவற்றில் 51-க்கு வந்தது. மூன்று நாடுகளில் பெரிய தொகையை வைத்துப் பார்த்தபோது 72-க்கு வந்தது. தொகை கூடினால் திருப்பித் தருவது குறையும் என்றுதான் தனியாகக் கேட்கப்பட்ட பொதுமக்கள் கணித்தார்கள். பெரிய தொகையை அமுக்கிக்கொண்டால் தன்னையே திருடனாகப் பார்க்க நேரிடும், அதை மனிதர்கள் தாங்குவதில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. நம் அவநம்பிக்கை உண்மை நிலவரத்தைவிட மோசமாக இருக்கிறது, ஐயா.

கேள்வி: யாராவது தொலைபேசியில் அழைத்தால் "அப்பா வீட்டில் இல்லை" என்று மகனைச் சொல்ல வைக்கிறேன். இது பெரிய குற்றமா?

குற்றம் சிறியது, பாடம் பெரியது. "அப்பாவால் இப்போது பேச முடியாது" என்று சொல்லச் சொல்லுங்கள், வேலை முடிந்தது. நாளை அவன் மதிப்பெண்ணை மறைக்கும்போது கேட்க உங்களுக்கு வாய் வேண்டாமா?

கேள்வி: மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன், அம்மா. நேர்மையாக இருப்பதால் உறவுகள் விலகிப் போகின்றன என்கிறாள் என் தோழி. நான் மாற வேண்டுமா?

நான் அம்மா அல்ல, ஐயா, அது போகட்டும். கேட்காத இடத்தில் கருத்துச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், எதிரில் இருப்பவர் தாங்கும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். மற்றவர் குறையை எடுத்துரைக்கப் பெரிய துணிச்சல் தேவையில்லை. இந்த வாரம் நீங்கள் பட்டென்று சொன்னவற்றை எழுதிவையுங்கள். அவற்றில் உங்களுக்குப் பாதகமான உண்மைகள் எத்தனை என்று பார்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள். அதன் பிறகு உங்கள் தோழி சொல்வதைப் பற்றிப் பேசுவோம்.