லண்டனின் பழைய தொழில் சங்கங்களான லிவரி கம்பெனிகளில் ஒன்றில் வார்டனாக இருக்கிறேன், அடுத்து மாஸ்டராக, அதாவது ஒரு வருடத் தலைவராக, என் முறை வருகிறது. வேலை, வீடு இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த ஒரு வருடத்தைச் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் இன்னும் பேச்சை எடுக்கவில்லை என்று தோன்றுகிறது. முதலில் அதை முடியுங்கள். ஒரு வருடத்துக்கு வாரத்தில் மூன்று மாலை, சில வாரம் நான்கு, உங்களுடையதாக இருக்காது. வீட்டுக்காரரும் அதில் பாதிக்கு உங்களுடன் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

நானும் அப்படி ஒரு கம்பெனிக்கு மாஸ்டராக இருந்து இறங்கியவள்தான். எது என்று சொல்லப்போவதில்லை, கீழே சாப்பாட்டைப் பற்றி எழுதப்போகிறேன். சொந்த ஹால் இல்லாத புதிய கம்பெனி என்பது போதும். லண்டனின் பழைய வணிகப் பகுதியான சிட்டியில் நூற்றுப்பத்துக்கு மேல் கம்பெனிகள் இருந்தாலும் சுமார் நாற்பதுக்குத்தான் சொந்த ஹால். மற்றவர்கள் அவர்களிடம் வாடகைக்கு எடுத்து விருந்து வைக்கிறோம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இவை இடைக்காலத்தில் தொழிலுக்கு ஒன்றாக ஏற்படத் தொடங்கிய சங்கங்கள். நெசவாளர்களுக்கு 1155-லேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது. தோல் வியாபாரிகளும் தையற்காரர்களும் கம்பெனிகளின் மரியாதை வரிசையில் ஆறாவது இடம் யாருக்கு என்று அடித்துக்கொண்டு, 1484-ல் மேயர் பஞ்சாயத்து செய்து, வருடத்துக்கு ஒருமுறை ஆறும் ஏழும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். இன்று வரை மாற்றிக்கொள்கிறார்கள்! நகைக்கு ஹால்மார்க் போடும் கோல்ட்ஸ்மித்ஸ் போலச் சிலருக்குத்தான் இன்னும் தொழிலின் மேல் பிடி. மற்றவர்களுக்கு அறப்பணி, கல்வி உதவி, விருந்து. செப்டம்பர் மாதம் சிட்டியின் நகர மன்றமான கில்ட்ஹாலில் கூடி சிட்டிக்கு லார்டு மேயரைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கம்பெனிகளின் உறுப்பினர்களான லிவரிக்காரர்கள்தான்.

"வெள்ளைக்காரன் அங்கியை மாட்டிக்கொண்டு பெருமை வேறா" என்று இங்கே ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். ஐயா, கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்க 1599-ல் வியாபாரிகள் கூடியதே ஃபவுண்டர்ஸ் ஹாலில்தான், அதுவும் தெரிந்துதான் போனேன். அந்த மேசையின் தலைமாட்டில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி உட்கார்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அதிகாரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கம்பெனியை நடத்துவது கிளார்க் என்ற நிர்வாகி. மாஸ்டர்கள் வந்து போவார்கள், அவர் இருப்பார். போன மாஸ்டர் ஆரம்பித்ததை நீங்கள் முடிப்பீர்கள், நீங்கள் ஆரம்பித்ததற்கு அடுத்தவர் பெயர் வாங்குவார். உங்கள் வேலை போய் நிற்பது, பேசுவது, கேட்பது. மற்ற கம்பெனி விருந்துகளுக்குப் போனால், மாஸ்டர் பதக்கம் என் கழுத்தில் தொங்கும், கை என் கணவரிடம் நீளும். அவர் சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் நகர்ந்துவிடுவார். அந்த ஒரு அடிக்காகவே அந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம்.

நான் அதிகம் பயந்தது லவ்விங் கப்புக்குத்தான். இரண்டு கைப்பிடி வைத்து மூடி போட்ட பெரிய வெள்ளிக் கோப்பை. கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துண்டு கட்டியிருக்கும். விருந்தின் முடிவில் கைமாறிக்கொண்டே வரும். எதிரில் நிற்பவர் தலை வணங்கி மூடியைத் தூக்கிப் பிடிக்க, நீங்கள் குடிக்க வேண்டும். உங்களுக்கு முன் குடித்தவர் உங்களுக்கு முதுகைக் காட்டி நின்று காவல் காப்பார். 978-ல் எட்வர்டு என்ற இளம் அரசன் கோப்பையை வாயில் வைத்த நேரத்தில் குத்திக் கொல்லப்பட்டான், சிற்றன்னையின் வேலை என்று கதை. மூடியைப் பிடித்திருக்கும் கையில் கத்தி இருக்காது என்பது கணக்கு. குடித்ததும் விளிம்பைத் துண்டால் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கலாம். ஒரே கோப்பை, ஒரே துண்டு, மேசை முழுக்க வாய்.

தம்ளரை உதட்டில் வைத்தால் பாட்டி கிணற்றடிக்கு விரட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளலாம் என்றால் அந்தக் கனத்துக்கு அங்கியெல்லாம் ஒயின் ஆகிவிடும். பதவியேற்ற இரவு கோப்பை கைக்கு வந்தபோதுதான் உறைத்தது, தொடங்கி வைப்பதே மாஸ்டர்தான். முதல் வாய் என்னுடையது! எச்சில் கவலை மற்றவர்களுக்கு. மற்ற இடங்களில் விருந்தாளியாகப் போனபோது உதடு படாமல் குனிந்து நிமிர்ந்துவிடுவேன். பக்கத்தில் கவனித்துப் பாருங்கள், வெள்ளைக்காரர்களிலும் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

சாப்பாடு. சைவம் என்று எழுதிக் கொடுத்தால் காளான் ரிசொட்டோ. எந்த ஹாலுக்குப் போனாலும், எந்தப் பருவத்திலும் காளான் ரிசொட்டோ. மற்றவர்களுக்கு மூன்று விதமாக அலங்கரித்த ஆட்டிறைச்சி வரும்போது நமக்கு மட்டும் குழைந்த சோறு. அதில் உப்பும் இருக்காது. ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன், இரண்டு பக்கத்து இருக்கைக்காரர்களும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

வருடம் முடிந்த அன்று பதக்கத்தைக் கழற்றி அடுத்தவர் கழுத்தில் போட்டாயிற்று, அவ்வளவுதான். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத் தலைவரும் அன்று வந்திருந்தார், ரொம்ப ரசித்துக் கைதட்டினார். அவர் எப்போது தலைவரானார் என்று சங்கத்தில் யாருக்கும் நினைவில்லை. பொங்கல் விழா மேடையில் இன்னும் அவர் பேச்சு முடிந்த பிறகுதான் குழந்தைகளை ஆடவிடுகிறார், அதற்குள் பாதிக் குழந்தைகள் தூங்கிவிடும். சரி, அது வேறு கதை.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். உடை, டாக்சி, பரிசுப் பொருள், நீங்களாக அழைக்கும் விருந்தினர், எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். சம்மதம் சொல்வதற்கு முன் கிளார்க்கைத் தனியாகப் பிடித்து, எது கம்பெனிக் கணக்கு, எது உங்கள் கணக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.