இதயத் தழும்பைக் கரைக்க ஊசி உண்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. ஐந்து வாரத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் எக்கோவில் ‘முன்சுவர் அசைவு குறைவு, இ.எஃப். 35%’ என்று இருக்கிறது (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்குதான் இ.எஃப். என்றார்கள்). ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தழும்பு போட்டுவிட்டன, ஸ்டெம்செல் ஊசியால் கரைத்துவிடலாம், 4 லட்சம் ஆகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள்.

மாரடைப்பில் செத்துப்போன தசை, பெரியவர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை என்றே சொல்லலாம். அந்த இடத்தை ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள்தான் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரந்து அடைக்கின்றன. தழும்பு உறுதிப்பட 6 முதல் 8 வாரம் ஆகும். அது உருவாகாவிட்டால் சுவர் கிழிந்து உயிரே போய்விடும். ஐந்தாவது வாரத்தில் இருப்பவருக்குத் தழும்பைக் கரைக்கிறேன் என்பவர், கரைக்கக் கூடாததைக் கரைக்கப் பார்க்கிறார்.

தொல்லை தருவது வேறொன்று. பாதி பலத்தில் ஓடும் இதயத்தைக் காப்பாற்ற உடம்பு ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களை விடாமல் சுரக்கிறது. அவற்றின் தூண்டுதலால் நல்ல தசையின் இடுக்குகளிலும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் நார் போடத் தொடங்குகின்றன. இதயம் விறைக்கிறது, விரிகிறது. இதைத் தடுக்க மருந்து உண்டு. அநேகமாக அப்பாவின் சீட்டிலேயே இருக்கும். ராமிப்ரில் அல்லது சக்யூபிட்ரில்-வால்சார்டன், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை அந்தத் தூண்டுதலை மறிப்பவை. ‘இது பிரஷர் மாத்திரை, பிரஷர்தான் நார்மலாச்சே’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். எந்த மாத்திரை எதற்கு என்று டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி எழுத நம் மருத்துவமனைகளுக்கு நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் ஊசி ஏஜென்ட் நுழைகிறார். இரண்டு டாக்டர்களிடம் காட்டுகிறீர்கள் என்றால் ஒன்று பாருங்கள்: ராமிப்ரிலும் சக்யூபிட்ரிலும் சேர்ந்து வரவே கூடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கலாம்.

ஸ்டெம்செல், அதாவது வேறு செல்களாக வளரக்கூடிய மூலச்செல் விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான ரத்த ஸ்டெம்செல் மாற்று தவிர மற்றவை சிகிச்சையே அல்ல, ஆய்வு மட்டுமே. ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. 4 லட்சம் கேட்டதே உங்களுக்குப் பதில். இதயத்துக்கு ஸ்டெம்செல் என்ற நம்பிக்கையைப் பரப்பிய ஹார்வர்ட் ஆய்வாளர் பியரோ அன்வெர்சாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி 2018இல் ஹார்வர்டே சொன்னது. ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளைக் நோய் எதிர்ப்புச் செல்களைக் கொண்டு குறிவைத்து அழிக்கும் டி-செல் முறையைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்டது உண்மை. ஆனால் அது எலிகளில். அந்தச் செய்தித்தாள் நறுக்கைக் காட்டித்தான் இங்கே முன்பணம் வாங்குகிறார்கள். ‘ஆபரேஷன் இல்லாமல் அடைப்பு நீக்கம்’ என்று ட்ரிப் ஏற்றுகிறவர்களையும் இதே கணக்கில் வையுங்கள்.

நகையைத் தொடாமல் செய்யக்கூடியது ரத்தப் பரிசோதனை. ஸ்பைரோனோலாக்டோன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடியது. அதைத் தொடங்கிய ஒரு வாரத்திலும், நான்காவது வாரத்திலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பாருங்கள். பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் டாக்டர் அளவைப் பாதியாக்குவார். 6ஐத் தாண்டினால் நிறுத்துவார், அன்றே போக வேண்டும். இங்கேதான் நம் வீட்டு அன்பு ஆபத்தாகிறது. நோயாளியைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் இளநீர் வாங்கி வருகிறார்கள். ஒரு டம்ளர் இளநீரில் ஏறக்குறைய ஒரு வாழைப்பழத்தின் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் எப்போதாவது ஒன்று பரவாயில்லை. கிரியேட்டினின் கூடியிருந்தால் ஒன்றும் வேண்டாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட்டும் வேண்டாம். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால், அன்றைய மாத்திரைக்கு முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது சிறுநீரகத்தையும் கெடுக்கும், நீரையும் தேக்கும். ஸ்பைரோனோலாக்டோனால் அப்பாவுக்கு மார்புக் காம்புப் பகுதி வீங்கி வலித்தால் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், அதே வகை மாத்திரையான எப்ளெரினோனுக்கு மாற்றலாம்.

கடைசியாக அந்த 35. ஆரோக்கியமான இதயத்துக்கே 55-65தான் வரும். ஆகவே அப்பாவின் இதயத்தில் 65 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாரடைப்பில் சாகாமல் மரத்துப்போன தசை மெல்ல விழித்துக்கொள்ளும். ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் முடிந்ததும், மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிட்ட நிலையில், எக்கோவைத் திரும்ப எடுங்கள். அப்போதும் 35 அல்லது அதற்குக் கீழே என்றால், ஆபத்தான துடிப்பை அதிர்வு கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி. கருவி தேவையா என்று இதய மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.