எந்தக் கணிதம் எடுப்பது? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இளநிலைக் கணிதத்தில் எந்தப் பிரிவை எடுப்பது என்பதைப் பற்றியே இருந்ததால், பதில் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: கணிதத்தில் முதலாமாண்டு முடிக்கப்போகிறேன். தூய கணிதம், பயன்பாட்டுக் கணிதம், புள்ளியியல், கணிதமும் கணினியும் என்று நான்கில் ஒன்றை இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். தூய கணிதம் எடுத்தால் வாத்தியார் வேலைதான், மற்றது எடுத்தால் கம்பெனி வேலை என்கிறார்கள் சீனியர்கள். எனக்கு எண் கோட்பாடு பிடிக்கும், வேலையும் வேண்டும். எதை எடுக்கட்டும்?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் சீனியர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பிடித்த எண் கோட்பாட்டையே எடுத்துக்கொள்வோம். பல தலைமுறையாக அது அழகான, ஆனால் எதற்கும் உதவாத படிப்பு என்றுதான் பேர் வாங்கியிருந்தது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்த எண்ணைத் திரும்பக் காரணிப்படுத்துவது மகா கஷ்டம் என்பதை வைத்து ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறையை, அதாவது பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் முறையை அமைத்தார்கள். அந்த முறை சரியாக வேலை செய்வதற்கான காரணம் 18-ம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவிய ஒரு தேற்றம். அதன் நிறுவலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஆகவே பிரிவின் பெயரை வைத்து வேலையைக் கணிக்காதீர்கள்.

பெயரை விட்டுவிட்டுப் பாடப்பட்டியலைப் பாருங்கள். நான்கு பிரிவுகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நுண்கணிதம், பல மாறி நுண்கணிதம், லீனியர் அல்ஜீப்ரா, வகைக்கெழுச் சமன்பாடுகள், நிறுவல் எழுதப் பழக்கும் ஒரு பாடம் என்று முதல் பாதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பிரிவது அதற்கப்புறம்தான். அதனால் முன்னிருந்து பின்னாகப் படிக்காமல் கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். உதாரணமாக, கடைசி ஆண்டில் ஃபங்ஷனல் அனாலிசிஸ் படிக்க ஆசை என்று வையுங்கள். அதற்கு முன்னால் மெட்ரிக் வெளிகள் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் ரியல் அனாலிசிஸ் (நுண்கணிதத்தின் விதிகள் ஏன் சரி என்று நிறுவும் பாடம்), அதற்கு முன்னால் நிறுவல் எழுதும் பழக்கம், இதற்கு இணையாக வெக்டர் வெளிகளை ஒழுங்காகச் சொல்லித்தரும் லீனியர் அல்ஜீப்ரா. ஆக நான்கு செமஸ்டர் நீளமுள்ள ஒரு சங்கிலி. அதில் ஒரு பாடம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடத்தப்படுகிறது என்றால் உங்கள் திட்டம் மொத்தமும் அந்த ஒரு பாடத்தில் தொங்கும். கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும் இந்தத் தகவலைத்தான் பலரும் மூன்றாமாண்டில் முதன்முதலாகப் படிக்கிறார்கள். ஒரு முழுத் தாளில் பாடங்களைப் பெட்டிகளாகப் போட்டு, எது எதற்கு முன்னால் வேண்டும் என்று அம்புக்குறி வரைந்து, துறை ஆலோசகரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் யோசனை இது. தூய கணிதமே எடுங்கள். அதில் எண் கோட்பாடும் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவும் வந்துவிடும். விருப்பப் பாடங்களில் நிரலாக்கம், அல்காரிதம், நிகழ்தகவு மூன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், எந்தப் பிரிவானாலும் லீனியர் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், நிகழ்தகவு ஆகிய மூன்றை விட்டுவிடாதீர்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் பிற்பாடு எந்தப் பக்கம் திரும்பவும் வழி இருக்கும்.

கேள்வி: நுண்கணிதத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான். இப்போது ரியல் அனாலிசிஸ் வந்ததும் ஒன்றுமே புரியவில்லை. எப்சிலான், டெல்டா என்று எதை எழுதினாலும் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்கிறார். பேசாமல் பயன்பாட்டுப் பிரிவுக்கு மாறிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நுண்கணிதத்தில் நன்றாகச் செய்தவர்கள் அனாலிசிஸில் தடுமாறுவது மிகச் சாதாரணம், ஏனென்றால் இரண்டும் கேட்கும் திறமை வேறு வேறு. அங்கே விடையைக் கண்டுபிடி என்றார்கள், இங்கே அந்த விடை ஏன் சரி, எந்த நிபந்தனை இல்லாவிட்டால் தப்பாகிவிடும் என்று கேட்கிறார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றுகிறது இல்லையா, ஒரு கணக்கைப் பார்ப்போம். 1 − 1/2 + 1/3 − 1/4 + 1/5 − … என்ற முடிவிலாத் தொடரைக் கூட்டினால் சுமார் 0.693 வரும், 2-ன் இயல் மடக்கை. இப்போது அதே உறுப்புகளை ஒன்றைக்கூட விடாமல், வரிசையை மட்டும் மாற்றி, ஒரு கூட்டல் உறுப்புக்குப் பின்னால் இரண்டு கழித்தல் உறுப்பு என்று எழுதுங்கள்: 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + 1/5 − … இதில் 1 − 1/2 என்பது 1/2, 1/3 − 1/6 என்பது 1/6, அதனால் தொடர் 1/2 − 1/4 + 1/6 − 1/8 + … என்று சுருங்குகிறது. உற்றுப் பாருங்கள், இது முதல் தொடரில் சரிபாதி! அதே எண்கள்தான், வரிசை மாறியதும் கூட்டுத்தொகையே பாதியாகிவிட்டது. எந்தத் தொடரில் வரிசையை மாற்றலாம், எதில் மாற்றக்கூடாது என்று சொல்ல ஒரு துல்லியமான வரையறை வேண்டும், அந்த வரையறைக்குத்தான் எப்சிலான். 1872-ல் வையர்ஸ்ட்ராஸ், எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக இருந்தும் எந்த ஒரு புள்ளியிலும் வகைக்கெழு இல்லாத ஒரு சார்பை முன்வைத்தார். படம் வரைந்து பார்த்தாலே போதும் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

இன்னொன்று, பயன்பாட்டுப் பிரிவுக்குப் போனாலும் இது உங்களை விடாது. ஃபூரியர் தொடர் (ஒரு சார்பை சைன், கோசைன் அலைகளின் கூட்டலாக எழுதுவது) எப்போது ஒருங்கும், எண்ணியல் முறையில் வந்த தோராய விடை உண்மையான விடையை நெருங்குமா என்பதெல்லாம் அனாலிசிஸ் கேள்விகள்தான்.

என்ன செய்யலாம் என்றால், வாரத்துக்கு இரண்டே நிறுவல் எடுத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தை மூடிவிட்டுத் தாளில் எழுதுங்கள், எழுதிய பிறகு தேற்றத்தின் ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் பயன்பட்டது என்று அடிக்கோடிடுங்கள். ஒரு நிபந்தனை எங்கேயுமே பயன்படவில்லை என்றால் உங்கள் நிறுவலில் எங்கோ ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சிவப்புச் சுழிகளையும் அள்ளிக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள், பெரும்பாலும் ஒரே தப்புதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். விடை எவ்வளவு நெருங்க வேண்டும் என்கிற எப்சிலான் முதலில் கொடுக்கப்படுகிறது, அதற்கு x எவ்வளவு நெருங்க வேண்டும் என்கிற டெல்டாவை நாம் தேடுகிறோம், இந்த வரிசையைத் தலைகீழாக எழுதுவதுதான் பலருக்கும் நடக்கிற கோளாறு. ஒரு செமஸ்டர் முழுக்க இப்படிச் செய்து பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் மாறுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் பயத்தில் மாறாதீர்கள்.

கேள்வி: பயன்பாட்டுக் கணிதத்தில் எண்ணியல் முறைகள் கட்டாயப் பாடம். எல்லாவற்றையும் கணினியே போட்டுவிடும் காலத்தில் இது எதற்கு?

பதில்: கணினி போடுவதால்தான் வேண்டும். 0.1 என்ற எண்ணைக் கணினியின் இரும எண்ணாக, 0, 1 மட்டும் வைத்து எழுதினால் இலக்கங்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும், எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வெட்டில் எவ்வளவு போகும் என்கிறீர்களா? 1991 வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்காவின் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக எண்ணிக்கொண்டிருந்தது. 0.1-ஐ 24 பிட்டில் வெட்டியதால் ஒவ்வொரு முறையும் வந்த துளிப் பிழை, சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 வினாடியாகச் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். தடுப்பு அமைப்பு தப்பான இடத்தில் தேடியது, ஏவுகணை ராணுவக் குடியிருப்பில் விழுந்தது, 28 வீரர்கள் இறந்தார்கள். பிழை எப்படிப் பெருகும் என்று கணக்கிடுவதுதான் நீங்கள் வேண்டாம் என்கிற அந்தப் பாடம்.

இந்தப் பிரிவை எடுப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் இதோடு இயற்பியல், உயிரியல், பொருளியல் மாதிரி வேறு ஒரு துறையில் சில பாடங்கள் படித்தாக வேண்டும் என்று விதி இருக்கும். கடைசியில் கிரெடிட் நிரப்ப ஏதோ ஒன்றை எடுக்காமல், எந்தத் துறையின் சமன்பாடுகளோடு உங்களுக்கு உறவாட ஆசை என்று இரண்டாமாண்டிலேயே முடிவு பண்ணுங்கள். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் வெறும் குறியீடாக நிற்காமல் வெப்பமாகவும் அலையாகவும் புரிய அதுதான் வழி.

கேள்வி: என் மகளுக்கு டேட்டா சயின்ஸில் ஆர்வம். கணிதத் துறையில் புள்ளியியல் பிரிவு எடுத்தால் போதுமா? அதில் பல மாறி நுண்கணிதம் கட்டாயம் என்று இருக்கிறது, "இது எதுக்கும்மா எனக்கு" என்று சண்டை போடுகிறாள்.

பதில்: போதும், நல்ல தேர்வும்கூட. அவள் கேள்விக்குப் பதில், புள்ளியியலில் தினமும் வந்து நிற்கும் அந்த மணி வடிவ வளைவிலேயே இருக்கிறது. அதன் வாய்ப்பாட்டில் 2π-யின் வர்க்கமூலம் எதற்காக வந்தது என்று மகளைக் கேளுங்கள். வளைவுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பு 1 ஆக வேண்டும், அதற்கு அந்தத் தொகையீட்டைக் கணக்கிட வேண்டும், ஆனால் ஒரு மாறியில் வழக்கமான முறைகளில் அது மசியாது. அதையே அதனால் பெருக்கி இரண்டு மாறித் தொகையீடாக்கி, துருவ ஆயங்களுக்கு (தூரமும் கோணமும் வைத்துப் புள்ளியைக் குறிப்பது) மாற்றினால் நாலு வரியில் முடிகிறது. வட்டம் உள்ளே வருவதால்தான் π-யும் வருகிறது. இரண்டு தரவுகள் சேர்ந்து எப்படி மாறுகின்றன என்று பார்க்கத் தொடங்கினால் அங்கேயும் இரட்டைத் தொகையீடுதான். லீனியர் அல்ஜீப்ரா இல்லாமல் ரிக்ரஷனை (ஒரு அளவை மற்ற அளவுகளிலிருந்து கணிக்கும் முறை) மென்பொருளில் ஓட்டலாம், ஆனால் அது சொதப்பும்போது ஏன் என்று கண்டுபிடிக்க முடியாது.

பட்டியலில் பாருங்கள்: நிகழ்தகவுக்குப் பிறகு கணிதப் புள்ளியியல், அதன் பிறகு ரிக்ரஷன், கூடவே நிரலாக்கம் என்று இருக்கிறதா? இருந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். வெறும் மென்பொருள் பயிற்சியாக இருக்கும் பாடங்கள் அதிகமாகவும் நிகழ்தகவு ஒரே ஒரு பாடமாகவும் இருந்தால் வேறு இடம் பாருங்கள். காப்பீட்டுக் கணிதப் பக்கம் போக எண்ணம் இருந்தாலும் இதே அடித்தளம்தான், நிதிக் கணிதம் மட்டும் கூடுதலாக வேண்டும்.

கேள்வி: பள்ளி ஆசிரியராவதுதான் என் விருப்பம். கணிதக் கல்விப் பிரிவில் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா விருப்பப் பாடம்தான். விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று, மைனஸ் ஒன்றை மைனஸ் ஒன்றால் பெருக்கினால் பிளஸ் எப்படி வரும் என்று கேட்கும். விதி அப்படித்தான் என்றால் அந்தப் பிள்ளைக்குக் கணிதத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை அன்றைக்கே கொஞ்சம் குறையும். (−1) × (1 + (−1)) என்பது பூஜ்யம். அடைப்பைப் பிரித்தால் −1 + (−1)(−1) = 0. அப்படியானால் (−1)(−1) வேறு எதுவாகவும் இருக்க முடியாது, 1 ஆகத்தான் இருக்க வேண்டும். பங்கீட்டு விதி ஒன்றை நம்பினால் இது தானாக வருகிறது என்று காட்டும் தெளிவை அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவில் ரிங், ஃபீல்டு என்ற, கூட்டல் பெருக்கல் விதிகளுள்ள அமைப்புகளைப் படிக்கும்போதுதான் பெறுகிறோம். அதோடு எண் கோட்பாடு ஒன்று, வடிவியல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு முதுநிலை படிக்கலாம் என்ற எண்ணம் ஓரமாக இருந்தால்கூட ரியல் அனாலிசிஸும் வேண்டும்; பல முதுநிலைச் சேர்க்கைகளில் அது இல்லாத விண்ணப்பத்தைச் சீந்த மாட்டார்கள்.

கேள்வி: எதை எடுப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பிறகு மாறிக்கொள்ளலாம் என்றால் எந்தப் பக்கத்திலிருந்து மாறுவது சுலபம்?

பதில்: தூய கணிதத்திலிருந்து மற்ற பக்கங்களுக்கு. எண்ணியல் முறைகள், மாதிரியாக்கம், புள்ளியியலின் தொடக்கப் பாடங்கள் எல்லாம் ஒன்றிரண்டு முன்பாடங்களோடு நின்றுவிடும், மூன்றாமாண்டில்கூட ஒரே செமஸ்டரில் இரண்டு மூன்றைச் சேர்த்து எடுக்கலாம். அனாலிசிஸ், அல்ஜீப்ரா வரிசையோ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகரும், மூன்றாமாண்டில் தொடங்கினால் படிப்பு ஒரு வருடம் நீளும். அதனால் முடிவு தெரியாதவர்கள் இரண்டாமாண்டு முதல் செமஸ்டரில் ரியல் அனாலிசிஸையும் நிகழ்தகவையும் சேர்த்து எடுங்கள், அவற்றோடு கொஞ்சம் இலகுவான பாடமாகப் பார்த்து மூன்றாவதைப் போடுங்கள். அந்த செமஸ்டர் முடிவில் எந்தப் பாடத்தின் வீட்டுக்கணக்கை முதலில் எடுத்து உட்கார்ந்தீர்கள் என்று பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.