குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டிங்: பிரித்தானிய வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்த கையோடு ஹீட்டிங் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை எரிவாயு பாய்லரும் ரேடியேட்டர்களும் உள்ள வீடுகளைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டை 20 டிகிரிக்கு மேல் நாங்கள் வைப்பதே இல்லை. அப்படியும் கட்டணம் குறையவில்லை. இன்னும் குறைத்தால் அம்மாவுக்குக் குளிர்கிறது. வேறு வழி உண்டா? (ஹாரோ)

உண்டு. அம்மாவின் அறையைக் குளிர வைக்காமலேயே செய்யக்கூடிய வழிதான் அது. சுவரில் உள்ள தெர்மோஸ்டாட், அறை எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. ரேடியேட்டர்களுக்குப் போகும் நீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் குமிழோ பொத்தானோ பாய்லரின் முகப்பில் தனியாக இருக்கிறது. பாய்லரைப் பொருத்துபவர் அதை 70 அல்லது 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அதன்பின் ஆண்டுக்கணக்கில் யாரும் அதைத் தொடுவதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கண்டென்சிங் வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. எரிவாயு தரும் மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த நீராவியோடு போய்விடுகிறது. நீராவி பாய்லருக்குள்ளேயே குளிர்ந்து நீராக மாறினால் அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு, ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், அதைவிடக் குறைய குறைய இன்னும் நல்லது. 80 டிகிரியில் புறப்பட்ட நீர் 60 டிகிரியில் திரும்பி வரும் வீட்டில், கண்டென்சிங் பாய்லர் என்று விலை கொடுத்து வாங்கியதைப் பழைய பாய்லரைப் போலத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்களுடையது காம்பி பாய்லர் (தனி சிலிண்டர் இல்லாமல் குழாயில் வரும் வெந்நீரையும் தானே சூடாக்குவது) என்றால் முகப்பில் இரண்டு படங்களைப் பார்ப்பீர்கள்: ஒன்று குழாய், மற்றொன்று ரேடியேட்டர். ரேடியேட்டர் படத்துக்கு உரியதை 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். குழாய் படத்துக்கு உரியது குளிக்கும் நீருக்கானது, அது இருந்தபடியே இருக்கட்டும். ரேடியேட்டரைத் தொட்டால் முன்புபோலச் சுடாது, அறை சூடாவதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், காலையில் ஹீட்டிங் அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்கும்படி வையுங்கள். கடும் உறைபனி நாட்களில் அறை 20 டிகிரியை எட்டவில்லை என்றால் மட்டும் ஐந்து ஐந்து டிகிரியாக உயர்த்திப் பாருங்கள்.

வெந்நீருக்கென்று தனி சிலிண்டர் உள்ள வீட்டார் இதை அப்படியே செய்யக் கூடாது. லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கச் சிலிண்டரில் நீர் 60 டிகிரிக்குச் சூடாக வேண்டும். பாய்லரிலிருந்து வரும் நீர் அதைவிடச் சூடாக இருந்தால்தான் அது நடக்கும். அத்தகைய வீடுகளில், பாய்லரைப் பராமரிக்க வரும் பொறியாளரிடம் கேட்டுவிட்டு மாற்றுவதே சரி.

அம்மாவைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. முதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். அவர் இருக்கும் அறையில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: நாள் முழுவதும் குறைந்த சூட்டில் விட்டுவைப்பது நல்லதா, தேவைப்படும்போது மட்டும் போடுவதா? வீட்டில் இதற்கு ஒவ்வொருவரும் ஒரு பதில் வைத்திருக்கிறோம். (ஈஸ்ட் ஹாம்)

வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம், உள்ளும் வெளியும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. ஆளில்லாத வீடு எட்டு மணி நேரம் சூடாக இருந்தால், அந்த எட்டு மணி நேரமும் சுவர், கூரை, சன்னல் வழியே வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். எனவே எரிவாயு பாய்லர் உள்ள சாதாரண வீட்டில், எல்லோரும் வெளியே போகும் நேரத்திலும் தூங்கும் நேரத்திலும் நிறுத்திவைப்பதே சிக்கனம். 'குளிர்ந்த வீட்டை மறுபடி சூடாக்கத்தான் கூடுதல் செலவாகும்' என்பது இங்கே பொருந்தாது. ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவி) பொருத்திய வீடும், தரைக்கடியில் வெப்பமூட்டும் வீடும் வேறு கணக்கு. அவை மெதுவாகச் சூடாகுபவை என்பதால் நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல், இரவில் இரண்டு மூன்று டிகிரி குறைத்து ஓடவிடுவதே முறை.

கேள்வி: ரேடியேட்டரில் உள்ள எண் குமிழை 5க்குத் திருப்பினால் அறை சீக்கிரம் சூடாகுமா? (குராய்டன்)

ஆகாது. அந்த எண்கள் வேகத்தைக் குறிப்பவை அல்ல. அறை எந்த வெப்பநிலையை எட்டியதும் வால்வு மூடிக்கொள்ள வேண்டும் என்பதைக் குறிப்பவை. பெரும்பாலான வால்வுகளில் 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி. 5இல் வைத்தால் அறை அதே வேகத்தில் சூடாகி, தேவைக்கு மேலும் சூடாகிக்கொண்டே போகும். பிறகு சன்னலைத் திறப்பீர்கள். நீண்ட திரை அந்தக் குமிழை மூடிக்கொண்டிருந்தால், திரைக்குப் பின்னால் தேங்கிய சூட்டை அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு வால்வு முன்கூட்டியே மூடிவிடும். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரை மட்டும் முழுவதும் திறந்தே வையுங்கள்.

கேள்வி: ஒரு ரேடியேட்டரின் மேல்பகுதி மட்டும் சில்லென்று இருக்கிறது. (லெஸ்டர்)

காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் மூலையில் உள்ள சிறு சதுர முனையில் அதற்குரிய சாவியைப் போட்டுக் கால் சுற்றுத் திருப்புங்கள். சீறல் ஓய்ந்து நீர் கசிந்ததும் மூடிவிடலாம். கறுப்பான நீர் வரும் என்பதால் கம்பளத்தின் மேல் பழந்துணி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பின்னர் பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும், குறைந்திருந்தால் நீரேற்ற வேண்டும். அடிக்கடி நீரேற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். மேல்பகுதி சூடாகவும் கீழ்ப்பகுதி குளிர்ந்தும் இருந்தால் உள்ளே இரும்புத்துரு படிந்திருக்கும். அதைக் கழுவி எடுப்பது பொறியாளரின் வேலை.

கேள்வி: ஹீட்டிங் போட்டும் படுக்கையறைச் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை. என்ன செய்வது? (வெம்பிளி)

உங்கள் மடலில் இதற்கான காரணத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: துவைத்த துணி ரேடியேட்டர்களின் மேல் காய்கிறது, பயன்படுத்தாத அறைகளின் ரேடியேட்டர்கள் முழுவதும் மூடப்பட்டிருக்கின்றன. ஒருமுறை துவைத்த துணிகளிலிருந்து இரண்டு லிட்டர் அளவுக்கு நீர் காற்றில் கலக்கக்கூடும். இட்லிப் பாத்திரமும் சோற்றுப் பானையும் தம் பங்கைச் சேர்க்கின்றன. அந்த ஈரம் வீட்டில் எந்தச் சுவர் மிகவும் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய்ப் படிகிறது. துணியை ஒரே அறையில் கதவைச் சாத்தி, சன்னலைச் சற்றே திறந்து காயவையுங்கள். சமைக்கும்போது மூடி போடுங்கள், வெளியேற்றும் விசிறியை ஓடவிடுங்கள். பயன்படுத்தாத அறையிலும் வால்வை 1 அல்லது 2இல் வையுங்கள். துணியால் மூடிய ரேடியேட்டர் அறையைச் சரியாகச் சூடாக்காது என்பது தனி இழப்பு.

கேள்வி: பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போய் ஒரு மாதம் தங்குகிறோம். ஹீட்டிங்கை முழுவதும் நிறுத்திவிடலாமா? (மில்டன் கீன்ஸ்)

வேண்டாம். ஜனவரியில் குழாய் உறைந்து வெடித்தால் மிச்சமான எரிவாயுக் காசு தரைப்பலகைக்குக்கூடக் காணாது. பல பாய்லர்களில் உறைபனிப் பாதுகாப்பு இருக்கிறது என்றாலும் அது பாய்லரைக் காக்குமே தவிர, பரணில் ஓடும் குழாயைக் காக்காது. தெர்மோஸ்டாட்டை 12 டிகிரி அளவில் வைத்து, பரணின் கதவைச் சற்றுத் திறந்துவிட்டு, தெருவிலிருந்து வரும் நீரின் பிரதான வால்வை மூடிவிட்டுப் புறப்படுங்கள். ஆளில்லாத வீட்டில் எவ்வளவு வெப்பம் இருக்க வேண்டும் என்று சில வீட்டுக் காப்பீடுகள் நிபந்தனை விதிக்கின்றன. பயணச்சீட்டு எடுக்கும்போதே அதையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: பாய்லரை நிறுத்திவிட்டு, இருக்கும் அறைக்கு மட்டும் மின்சார ஹீட்டர் போட்டால் மிச்சமா? (டூட்டிங்)

சில வேளைகளில் மட்டும். அண்மைய ஆண்டுகளில் இங்கே மின்சார யூனிட்டின் (ஒரு கிலோவாட் மணி) விலை எரிவாயு யூனிட்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. 2 கிலோவாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 6 யூனிட். அதே பணத்துக்கு ஏறத்தாழ 24 யூனிட் எரிவாயு கிடைக்கும், அதில் சிறிய வீடு முழுவதையுமே அந்த நேரத்துக்குச் சூடாக்கிவிடலாம். ஒருவர் ஒரு மணி நேரம் மேசையில் உட்கார்ந்து படிப்பதற்கு என்றால் மின்சார ஹீட்டர் சரி. எண்ணெய் நிரப்பியது, விசிறி வைத்தது என்று எதை வாங்கினாலும் ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் வெப்பம் ஒன்றே. விளம்பரத்தை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: உறைபனி விழுந்த காலையில் பாய்லர் களகளவென்று ஒலி எழுப்பி நின்றுவிடுகிறது. (பர்மிங்ஹாம்)

முன்னே சொன்ன நீராவி நீராகி வெளியேறும் பிளாஸ்டிக் குழாய், சுவருக்கு வெளியே உறைந்திருக்கக்கூடும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எந்த டிசம்பரிலும் காணாத குளிர் வந்த 2010 டிசம்பரில் நாடெங்கும் இதனால் பாய்லர்கள் நின்றன. கைபொறுக்கும் வெந்நீரைக் குழாயின் மேல் ஊற்றுங்கள். கொதிநீர் கூடாது, ஊற்றிய நீர் நடைபாதையில் உறையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பனி இளகியதும் பாய்லரை ரீசெட் செய்தால் ஓடும். ஆண்டுதோறும் இதே கதை என்றால், குழாயைத் தடிப்பானதாக மாற்றி உறை போடச் சொல்லுங்கள். ஆனால் பாய்லரின் மூடியைத் திறப்பது எதுவாயினும் கேஸ் சேஃப் (எரிவாயுப் பொறியாளர்களுக்கான அதிகாரபூர்வப் பதிவேடு) பதிவு பெற்ற பொறியாளர் மட்டுமே செய்ய வேண்டியது. வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலோ எரிவாயு வாடை வந்தாலோ, வெளியே போய் 0800 111 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.