முகம் கொடுத்தவர்

வணக்கம் அக்கா,

கிரானாஸ் மூசவியின் கவிதைகள் சிலவற்றை ஆங்கிலம் வழியாகப் படித்தேன். ‘என் டெஹ்ரான் விற்பனைக்கு’ என்ற படத்தையும் அவர் இயக்கியிருப்பதாக அறிந்தேன். ஈரானிலிருந்து தப்பி ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், பாதுகாப்பாக அமர்ந்துகொண்டு அங்குள்ள பெண்களுக்காகப் பேசலாமா? அவரை ஈரானியப் பெண்கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாதின் வாரிசு என்று சொல்லலாமா? படத்தை இலவசமாகப் பார்க்க ஏதாவது இணைப்பு உண்டா?

ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

ஒரு வாரமாக ஒரு பெயர் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பெயர் நீங்கள் கேட்ட கவிஞருடையது அல்ல. மர்சியே வஃபாமெஹர், அந்தப் படத்தின் நாயகி.

வாரிசுப் பேச்சை விடுங்கள். ஃபரூக் 1962இல் ஈரானின் தப்ரீஸ் நகரத் தொழுநோயாளர் குடியிருப்பில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதற்காகக் கேமராவைத் தொடும் ஈரானியப் பெண்கவிஞர் எல்லோரும் அவர் பெற்ற பிள்ளைகளா? ஒரு பெண் எழுதினால் போதும், உடனே அவளுக்கு ஒரு தாயாரைத் தேடக் கிளம்பிவிடுகிறோம்.

‘தப்பிப் போனவர்’ என்ற சொல்லை எங்கே பொறுக்கினீர்கள்? மூசவி டெஹ்ரானுக்கே திரும்பிப் போய்த்தான் அந்தப் படத்தை எடுத்தார். மேடை மறுக்கப்பட்ட ஒரு நாடக நடிகை, நாட்டைவிட்டு வெளியேறத் தவிப்பதுதான் கதை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

என்னை அரிப்பது வேறு. கவிதைக்குக் காகிதம் போதும், சினிமாவுக்கு ஒரு முகம் வேண்டும். கவிஞர் தன் வரிக்குத் தானே தலை கொடுக்கலாம். படம் என்று வந்தால் அந்தத் தலை இன்னொருவருடையது. படம் வந்தது 2009இல். 2011இல் மர்சியேயைக் கைது செய்தார்கள். மொட்டைத் தலையுடன், முக்காடு இல்லாமல் திரையில் நின்றவர் அவர். ஓராண்டுச் சிறை, 90 கசையடி என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் கசையடி நீங்கியது, சிறை 3 மாதமாகக் குறைந்தது. குறைந்தது என்று நாம் எழுதிவிடுகிறோம். உள்ளே இருந்தவர் அவர்.

அந்தக் கைதுக்கு முந்தைய வருடம் நான் அந்தப் படத்தை ஒரு திருட்டு டிஸ்க்கில் பார்த்தேன். நண்பர் வீட்டு மொட்டைமாடி, பத்துப் பன்னிரண்டு பேர், சுண்டல். படம் முடிந்ததும் பெண் விடுதலை பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அதிகம் பேசியவள் நான். பிறகு கைதுச் செய்தி வந்தபோதுதான், ஈரானில் வெளியிடுவதற்காக எடுக்கப்படாத அந்தப் படம் அங்கே கள்ளப் பிரதிகளாகப் பரவியிருந்தது என்று படித்தேன். எங்கள் மாடி டிஸ்க்கால் மர்சியேவுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த டிஸ்க்கை அதன் பிறகு யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. டெஹ்ரானில் கதவைச் சாத்திக்கொண்டு கள்ளப் பிரதி பார்த்த பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு வேறு வழி ஏது? உங்களுக்கும் எனக்கும் என்ன கேடு? ஒரு டிக்கெட்டுக்குக் காசு இருக்கிறது. இலவச இணைப்பை என்னிடம் கேட்காதீர்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். கவிதையைத் தேடிப் படிக்கிற பிள்ளை என்பதால்தான் இவ்வளவு திட்டுகிறேன். படித்தவற்றில் ஒன்றைத் தமிழில் பெயர்த்து அனுப்புங்கள். பாரசீகத்தில் அவனுக்கும் அவளுக்கும் ‘ஊ’ என்று ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவனா அவளா என்று எதை வைத்திருக்கிறாரோ அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பரீட்சை முடிந்த பிறகு அனுப்பினால் போதும்.